அதிகாரத்தின் அருகே நின்ற சாட்சி: கோர் விடாலின் நடுக்கால எழுத்து

1973-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'பர்' என்னும் நாவல் வெளியான பருவத்தில்தான், அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பதவி விலகினார். அதிபர் நிக்சனைச் சுற்றி வாட்டர்கேட் விசாரணை இறுகிக்கொண்டிருந்தது. அந்த நாவலின் நாயகனும் ஒரு துணை அதிபர்தான். 1804-இல், பதவியில் இருக்கும்போதே, ஆரோன் பர் தம் அரசியல் எதிரியான அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றார். 1807-இல் தேசத் துரோக வழக்கில் ரிச்மண்ட் நகரில் விசாரிக்கப்பட்டு விடுதலை ஆனார். பள்ளிப் பாடநூல்கள் வில்லனாக வைத்திருந்த இந்த மனிதரின் வாயால், நாட்டை நிறுவிய தந்தையர் எனப் போற்றப்பட்ட வாஷிங்டனையும் ஜெபர்சனையும் பற்றிப் பேசவைத்தார் அமெரிக்க எழுத்தாளர் கோர் விடால். பேசவைத்த காலமும் சரியாக அமைந்துவிட்டது. ஆள்வோரைப் பற்றித் தங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் உண்மைதானா என்று ஒரு நாடே கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் கேள்விக்கு நூற்றெழுபது ஆண்டு வயது என்று அந்த நாவல் காட்டியது.

விடாலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய தொலைக்காட்சிச் சண்டைகளையும், கூர்மையான வாக்கியங்களையும், முதுமையில் அவர் சொன்ன கடுமையான அரசியல் கருத்துகளையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய நிலைக்கும் சாதனை வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. 1964-இல் 'ஜூலியன்' வெளியானதற்கும் 1984-இல் 'லிங்கன்' வெளியானதற்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில், கட்டுரை, நாவல் என்ற இரு வடிவங்களையும் ஒரே கேள்வியின் மீது அவர் திருப்பினார்: அதிகாரத்தில் இருப்பவரை, அவருக்கு அருகில் நிற்பவர் எந்த அளவுக்கு அறிய முடியும்? கட்டுரைகளில் இதற்கு அவரிடம் உறுதியான விடைகள் இருந்தன. நாவல்களில் அந்த உறுதி குலைந்தது. அந்தக் குலைவால்தான் நாவல்கள் சிறந்தவையாக ஆயின.

இந்தக் கேள்வி அவருக்குப் புத்தகங்களிலிருந்து வந்ததன்று. 1925-இல், தந்தை யூஜின் விடால் விமானவியல் பயிற்றுநராக இருந்த வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் மருத்துவமனையில் பிறந்தார் அவர். தந்தை பின்னர் அதிபர் பிராங்ளின் ரூஸ்வெல்ட் அரசில் விமானப் போக்குவரத்துத் துறையின் தலைவரானார். தாய்வழிப் பாட்டனார் தாமஸ் பிரையர் கோர், ஓக்லஹோமா மாநிலம் 1907-இல் உருவானபோது அதன் முதல் செனட் உறுப்பினர்களில் ஒருவர். சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். வாஷிங்டனில் இருந்த பாட்டனாரின் வீட்டில் அவருக்கு வரலாற்று நூல்களையும் செனட் ஆவணங்களையும் சத்தமாகப் படித்துக் காட்டுவது பேரனின் வேலையாக இருந்தது. புரிந்தும் புரியாமலும் ஒரு நாட்டின் சட்டங்களைப் பத்து வயதில் வாய்விட்டுப் படித்த அந்தச் சிறுவனின் இடத்தில்தான், அவருடைய பிற்கால நாவல்களின் கதைசொல்லிகள் அநேகமாக எல்லோரும் நிற்கிறார்கள். அவர்கள் எழுத்தர்கள், செயலர்கள், பத்திரிகையாளர்கள், தூதர்கள். யாரும் ஆட்சியாளர் அல்லர். ஆனால் ஆட்சியாளர் இருக்கும் அறைக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள்.

அரசியலில் இறங்கும் ஆசை அவருக்கும் இருந்தது. 1960-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்குத் தொகுதி ஒன்றில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அதே ஆண்டில், அதிபர் வேட்பாளராவதற்கு இருவர் ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்ளும் 'தி பெஸ்ட் மேன்' என்ற அவருடைய நாடகம் பிராட்வேயில் வெற்றிகரமாக ஓடியது. தேர்தலில் கிடைக்காதது மேடையில் கிடைத்தது. அதற்கு முன்பு, 1948-இல் வந்த 'தி சிட்டி அண்ட் தி பில்லர்' என்ற நாவல் ஓரினக் காதலை வெளிப்படையாகப் பேசியதால், அதன் பிறகு பல ஆண்டுகள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தம் நாவல்களைக் கண்டுகொள்ளவில்லை என்று அவர் மனத்தாங்கலுடன் சொல்லிவந்தார். வாழ்வதற்காகத் தொலைக்காட்சி நாடகங்களும், எட்கர் பாக்ஸ் என்ற புனைபெயரில் துப்பறியும் கதைகளும் எழுதினார். நாவலுக்கு அவர் திரும்பியது 'ஜூலியன்' மூலமாகத்தான்.

கிறித்தவமாகிக்கொண்டிருந்த ரோமப் பேரரசைப் பழைய தெய்வங்களிடம் திருப்பிக் கொண்டுபோக முயன்று, கி.பி. 361 முதல் 363 வரை மட்டும் ஆண்டு, பாரசீகப் படையெடுப்பில் இறந்த மன்னர் ஜூலியன். மன்னர் எழுதியதாகக் கற்பனை செய்யப்பட்ட நினைவுக்குறிப்பு நாவலின் முதுகெலும்பாக இருக்கிறது. அந்தக் குறிப்பின் ஓரங்களில், அவரை அறிந்திருந்த லிபானியஸ், பிரிஸ்கஸ் என்ற இரு கிழ அறிஞர்கள் உரை எழுதுகிறார்கள், ஒருவரையொருவர் மறுக்கிறார்கள், மன்னர் மறைத்ததைச் சொல்கிறார்கள், கையெழுத்துப் படியின் விலைக்காகப் பேரமும் பேசுகிறார்கள். ஒரு வரலாற்று ஆவணம் எப்படி உருவாகிறது, அதில் யாருடைய பொறாமையும் யாருடைய அச்சமும் கலந்திருக்கின்றன என்பதைக் கதையின் அமைப்பே காட்டிவிடுகிறது. பிற்பாடு அமெரிக்க வரலாற்றை எழுதியபோது அவர் கையாண்ட உத்தி இங்கேயே முழுதாக உருவாகிவிட்டது.

மூன்றாண்டுகள் கழித்து வந்த 'வாஷிங்டன், டி.சி.' அவர் வளர்ந்த உலகைப் பற்றியது. உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் எண்ணிக்கையைக் கூட்ட ரூஸ்வெல்ட் செய்த முயற்சி 1937 கோடையில் தோற்றதைக் கொண்டாடும் ஒரு விருந்தில் கதை தொடங்குகிறது. இதில் வரும் செனட் உறுப்பினர் பர்டன் டே, பாட்டனார் கோரின் சாயல் கொண்டவர் என்பது வெளிப்படை. ஆனால் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. பழங்குடியினரின் நில ஒப்பந்தம் ஒன்றின் தொடர்பில் தம்மிடம் லஞ்சம் பேசப்பட்டதை 1910-இல் செனட் அவையிலேயே எழுந்து அம்பலப்படுத்தியவர் கோர். நாவலில் வரும் பர்டன் டே, அத்தகைய நில விவகாரம் ஒன்றில் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அந்தப் பழியே பிற்பாடு அவருடைய அரசியல் வாழ்வை முடிக்கிறது. தம் குடும்பத்தின் மிகப் பெருமையான கதையை எடுத்து, அந்த நல்லவர் அன்று ஒரு முறை தடுமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு எழுதினார் பேரன். பாட்டனாரை நேசித்த ஒருவர் இதை எழுதினார் என்பது அந்த நூலில் என்னை மிகவும் கவர்கிறது. விளம்பரத்தால் ஊதிப் பெருக்கப்பட்ட போர் வீரப் புகழோடு மேலெழும் இளம் அரசியல்வாதி கிளே ஓவர்பரியின் பாத்திரத்தில் கென்னடி குடும்பத்தின் நிழல் விழுந்திருக்கிறது. அதே 1967-இல் எஸ்கொயர் இதழில் கென்னடிகளைக் கடுமையாக விமர்சித்த 'தி ஹோலி ஃபேமிலி' என்ற கட்டுரையையும் அவர் வெளியிட்டார். ஜாக்குலின் கென்னடியின் மாற்றாந்தந்தை ஒரு காலத்தில் விடாலின் மாற்றாந்தந்தையாகவும் இருந்தவர் என்பதையும், 1961-இல் விடால் வெள்ளை மாளிகைக்கு விருந்தினராகப் போய்வந்தவர் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்தக் கட்டுரைக்கு அவர் கொடுத்த விலை புரியும்.

1968-ஆம் ஆண்டு அவரை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது. பால் அடையாளத்தைத் தலைகீழாக்கிய 'மைரா பிரெக்கின்ரிட்ஜ்' நாவல் அந்த ஆண்டில் பெரும் விற்பனை கண்டது. இரு கட்சிகளின் மாநாடுகளையும் ஒட்டி ஏபிசி தொலைக்காட்சியில் பழமைவாத இதழாசிரியர் வில்லியம் பக்லியோடு அவர் நடத்திய விவாதங்கள், சிகாகோ வீதிகளில் காவலர்கள் இளைஞர்களை அடித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் வசைமொழியாகச் சிதைந்தன. இருவரும் வழக்குத் தொடுத்து, 1972 வரை அது இழுத்தது. அந்த இரவைப் பற்றி அளவுக்கு மேல் எழுதப்பட்டுவிட்டதால் இங்கே நான் நிற்கப்போவதில்லை.

கட்டுரைகள் பற்றிச் சொல்ல வேண்டும். 1969, 1972, 1977, 1982 ஆகிய ஆண்டுகளில் வந்த தொகுப்புகளில் அவருடைய அரசியல் வாதம் படிப்படியாக உருப்பெறுகிறது. 1972-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அவர் வைத்த தலைப்பு டேனியல் ஷேஸுக்கு ஓர் அஞ்சலி. 1786-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விடுதலைப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய சிறு விவசாயிகள் கடனாலும் வரியாலும் நிலத்தை இழந்துகொண்டிருந்தபோது, நீதிமன்றங்களை முற்றுகையிட்ட கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவர் ஷேஸ். அந்தக் கிளர்ச்சி உண்டாக்கிய பீதி, மறு ஆண்டு பிலடெல்பியாவில் கூடி வலுவான மைய அரசை வகுத்தவர்களின் மனத்தில் பெரிதும் வேலை செய்தது. அரசியலமைப்புச் சட்டம் சொத்துடையோர் தங்கள் சொத்தைக் காத்துக்கொள்ள எழுதியது என்ற வாதத்தை 1913-இல் வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் முன்வைத்திருந்தார்; விடால் அதைத் தம் காலத்துக்குக் கொண்டுவந்தார். 1975-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அமெரிக்காவில் இருப்பது சொத்துக் கட்சி என்ற ஒரே கட்சிதான், குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் அதன் இரண்டு வலதுசாரிப் பிரிவுகள் என்றார். 1981-இல், அரசியலமைப்பைப் புதிதாக எழுத மீண்டும் ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்று வாதிட்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பைத் தாங்கிய 1982-ஆம் ஆண்டுத் தொகுப்புக்குத் தேசிய நூல் விமர்சகர் வட்டத்தின் விமர்சனப் பரிசு கிடைத்தது. அதே 1982-இல் கலிபோர்னியாவில் செனட் பதவிக்கான கட்சி வேட்பாளர் தேர்தலில் நின்று ஜெர்ரி பிரவுனிடம் தோற்றார்.

இந்தக் கட்டுரைகளின் வலிமை, எழுதியவர் அந்த வர்க்கத்தின் உள்ளிருந்து பேசுகிறார் என்பதில் இருக்கிறது. யார் யாருக்கு உறவு, எந்தப் பணம் எந்தத் தேர்தலுக்குப் போயிற்று, செனட்டின் ஓய்வறையில் என்ன மொழி பேசப்படும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டுப் பேச்சு. அவற்றின் குறையும் அங்கேதான் பிறக்கிறது. எல்லாவற்றையும் ஒரு சிறு குழுவின் கணக்காகவே பார்க்கப் பழகிய கண்ணுக்கு, வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர்களும் தொழிற்சங்கம் கட்டியவர்களும் சரியாகத் தெரிவதில்லை. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தெற்கு மாநிலங்களில் உண்டாக்கிய மாற்றத்தை, இரு கட்சிகளும் ஒன்றே என்ற சூத்திரத்தால் விளக்க முடியாது. 1986-இல், யூத எழுத்தாளரான நார்மன் பொதோரெட்சையும் அவர் மனைவியையும் தாக்கி எழுதிய கட்டுரை, அமெரிக்க யூதர்களின் நாட்டுப்பற்றையே சந்தேகிப்பதாகப் பலராலும் கண்டிக்கப்பட்டது. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

நாவல்களுக்குத் திரும்புவோம். 'பர்' நாவலின் கதைசொல்லி சார்லி ஸ்கைலர், 1830-களின் நியூயார்க்கில் முதியவரான பர்ரின் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர், பத்திரிகையாளராக விரும்புகிறவர். அதிபராகும் வாய்ப்புள்ள மார்ட்டின் வான் பியூரன் பர்ரின் முறைதவறிப் பிறந்த மகன் என்ற வதந்திக்கு ஆதாரம் தேடித் தரும்படி, ஈவினிங் போஸ்ட் இதழின் வில்லியம் லெகெட் அவரை ஏவுகிறார். வேவு பார்க்க வந்தவர் கிழவரை நேசிக்கத் தொடங்குகிறார். பர் தம் நினைவுகளைச் சொல்லச் சொல்ல, ஸ்கைலர் எழுதிக்கொள்கிறார். வாஷிங்டன் போர்க்களங்களில் தோற்பதில் வல்லவராகவும், ஜெபர்சன் சுதந்திரத்தை உபதேசித்தபடி அடிமைகளால் சூழப்பட்டு வாழ்பவராகவும் அந்தப் பேச்சில் உருவம் கொள்கிறார்கள். மான்டிசெல்லோ மாளிகையில் ஜெபர்சனுக்கு அடிமைப் பெண் ஒருத்தியிடம் பிறந்த குழந்தைகளைப் பற்றி இந்த நாவல் தயக்கமின்றிப் பேசியது 1973-இல். சாலி ஹெமிங்ஸ் பற்றி விரிவாக எழுதிய ஃபான் பிராடியின் வாழ்க்கை வரலாறு அடுத்த ஆண்டு வந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மரபணுச் சோதனை முடிவுகள் 1998-இல்தான் வெளியாயின.

வரலாற்றில் இருக்கும் ஓர் இடைவெளியை விடால் எப்படிக் கையாண்டார் என்பதற்கு அந்தத் துப்பாக்கிச் சண்டையே நல்ல சான்று. 1804-இல் ஆல்பனி நகரப் பத்திரிகை ஒன்றில் வெளியான கடிதத்தில், பர்ரைப் பற்றி ஹாமில்டன் 'இன்னும் இழிவான' ஒரு கருத்தைச் சொன்னதாக மட்டும் குறிப்பு இருந்தது. அது என்ன கருத்து என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. பர் விளக்கம் கேட்டார்; ஹாமில்டன் நழுவினார்; ஜூலை 11 அன்று வீஹாக்கனில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். பர் தம் மகள் தியோடோசியாவோடு தகாத உறவு கொண்டவர் என்பதே அந்தப் பழிச்சொல் என்று நாவல் கற்பனை செய்கிறது. வரலாறு என்ற வகையில் இதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நாவலில் அந்த மகளின் மீது பர் வைத்திருக்கும் பாசம் அதற்கு முன்பே நமக்குக் காட்டப்பட்டுவிடுவதால், ஒரு மனிதரைக் கொலைவரை கொண்டுபோகக்கூடிய சொல் எதுவாக இருக்கும் என்ற கேள்விக்கு அது நம்பத்தக்க விடையாகிறது. கூடவே, இதைச் சொல்பவர் பர் என்பதையும், அவர் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளும் தேவை உள்ளவர் என்பதையும் விடால் மறக்கவிடுவதில்லை. ஜெபர்சனைக் கிழித்துப்போடும் குரலும் ஒரு கட்சிக்காரரின் குரல்தான். கட்டுரையாளர் விடாலிடம் இந்த எச்சரிக்கையை நாம் அடிக்கடி காண்பதில்லை.

விடுதலையின் இருநூறாம் ஆண்டு விழாவை நாடு கொண்டாடிய 1976-இல் '1876' வந்தது. முதியவராகி, பணத்தை இழந்து, விதவை மகள் எம்மாவோடு ஐரோப்பாவிலிருந்து திரும்பும் ஸ்கைலரின் நாட்குறிப்பாக அது அமைந்தது. அந்த நூறாவது ஆண்டுத் தேர்தலில் சாமுவேல் டில்டன் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் வாக்குகளில், பெரும்பான்மைக்கு ஒன்று குறைந்து 184-இல் நின்றார். புளோரிடா, லூசியானா, தென் கரோலினா மாநிலங்களின் முடிவுகளும் ஓரிகனின் ஒரு வாக்கும் சர்ச்சைக்குள்ளாயின. 15 பேர் கொண்ட ஆணையம் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் எல்லாவற்றையும் ரதர்ஃபோர்டு ஹேய்ஸுக்கே அளித்து, அவரை 185-க்கு 184 என்று அதிபராக்கியது. அதைத் தொடர்ந்து, உள்நாட்டுப் போருக்குப் பின்னும் தெற்கிலிருந்த கூட்டாட்சிப் படைகள் ஒதுங்கிக்கொண்டன. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தங்கள் பழைய எஜமானர்களின் கையில் விடப்பட்டார்கள். விடாலின் நாவல் தேர்தல் திருட்டை நுணுக்கமாக விவரிக்கிறது; இந்தக் கைவிடலின் கனத்தை அது உணர்த்துவதில்லை. ஸ்கைலர் பழகும் விருந்து மண்டபங்களில் அந்த மக்கள் பரிமாறுபவர்களாகவே தென்படுகிறார்கள். அவர் அங்கேதான் இருக்க முடியும் என்று சொல்லலாம். ஆனால் கதைசொல்லியை அங்கே நிறுத்தியவர் விடால்தான்.

1981-இல் வந்த 'கிரியேஷன்' அமெரிக்காவை விட்டு வெகுதூரம் போனது. ஜரதுஷ்டிரரின் பேரனான சைரஸ் ஸ்பிதாமா பாரசீகப் பேரரசின் தூதராக மகதத்துக்கும் சீனத்துக்கும் போய், பிம்பிசாரனையும் அஜாதசத்ருவையும், புத்தரையும் கன்பூசியஸையும் சந்திக்கிறார். கிரேக்கர்கள் தங்கள் வெற்றியாக எழுதிவைத்த போர்களைப் பாரசீகத்தின் பக்கத்திலிருந்து பார்க்கும் நூல் என்பதால், கங்கைச் சமவெளியின் அரசியலை அறிந்த நம் வாசகர்களுக்கு இது தனிச் சுவை தரும். சைரஸ் பார்வை இழந்த முதியவர். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்பவர் உறவுக்கார இளைஞன் டெமாக்ரிடஸ். வாஷிங்டன் வீட்டில் பாட்டனாரும் பேரனும் இருந்த நிலையை அறிந்தவர்களுக்கு, ஐம்பத்தைந்து வயதில் விடால் யாருடைய குரலை மீட்டுக்கொண்டிருந்தார் என்று விளங்கும்.

'லிங்கன்' இந்த வழியின் உச்சம். 1861 பிப்ரவரியில், கொலை அச்சுறுத்தலுக்காக மாறுவேடத்தில் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் லிங்கனை, விடியலுக்கு முன் காத்திருக்கும் ஒரு நண்பரின் கண்ணால் முதலில் பார்க்கிறோம். அதிலிருந்து இறுதிவரை அவரை மற்றவர்களே பார்க்கிறார்கள்: வெளியுறவுச் செயலர் சிவர்ட், தாமே அதிபராக வேண்டியவர் என்று நம்பும் நிதிச் செயலர் சேஸ், இளம் செயலர் ஜான் ஹே, மனைவி மேரி, கொலைச் சதியில் சேரப்போகும் மருந்துக்கடைப் பையன் டேவிட் ஹெரால்டு. லிங்கனின் மனத்துக்குள் நாவல் நுழைவதே இல்லை எனலாம். சிவர்ட் முதலில் அவரை ஒரு நாட்டுப்புறத்துக்காரராக எண்ணுகிறார். தாம் ஆட்டுவிக்கலாம் என்று கணக்குப் போடுகிறார். பிறகுதான், எதிரில் இருப்பவர் எவரும் எதிர்பாராத அளவு அதிகாரத்தைத் தன் கையில் குவித்துக்கொண்டுவிட்டார் என்று உணர்கிறார். ஆட்கொணர்வு உரிமை இடைநிறுத்தப்படுகிறது, பத்திரிகைகள் மூடப்படுகின்றன. 1838-இல், 28 வயதில், ஸ்பிரிங்ஃபீல்டில் ஆற்றிய உரை ஒன்றில், முன்னோர் கட்டியதைக் காப்பதில் நிறைவு காணாத பேராசை கொண்ட மேதை ஒருவன் தோன்றக்கூடும் என்று லிங்கன் எச்சரித்திருந்தார். அவர் தம்மையே குறித்தார் என்று விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1962-இல் கொண்ட பொருளை விடால் எடுத்துக்கொண்டார்.

வரலாற்றாசிரியர்களோடு நடந்த தகராறு இதைத் தொடர்ந்தது. 1862 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்கு அழைத்த கறுப்பினக் குழுவிடம், வெளிநாட்டில் குடியேறுவதைப் பற்றி யோசிக்கும்படி லிங்கன் சொன்னது பதிவான உண்மை. இறக்கும்வரை அவர் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை என்று விடால் எழுதினார். கடைசி நாள்களிலும் லிங்கன் தம்மிடம் அதைப் பற்றிப் பேசியதாகத் தளபதி பட்லர் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பை அவர் நம்பினார். ரிச்சர்ட் கரன்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். 1988-இல் நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் விடால் காரசாரமாகப் பதில் எழுதினார். 1865 ஏப்ரல் 11 அன்று, தம் கடைசிப் பொதுவுரையில், கறுப்பினத்தவரில் ஒரு பகுதியினருக்கேனும் வாக்குரிமை தரலாம் என்று லிங்கன் பேசியதை வைத்துப் பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் ஆய்வாளர்களின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் நாவலின் பெருமை அந்த வாதத்தைச் சார்ந்ததன்று. குடியரசைப் பேரரசாக்கியவர்களை வெறுத்த கட்டுரையாளர், அப்படி ஆக்கியவர்களில் முதன்மையானவர் என்று தாமே கருதிய மனிதரை எழுதும்போது, வியப்பையும் அச்சத்தையும் பிரித்தெடுக்க முடியாமல் நிற்கிறார். இறுதி அத்தியாயத்தில், பாரிஸில் ஹேயும் ஸ்கைலரும் பேசிக்கொள்ளும்போது, லிங்கன் பழைய ஒன்றியத்தை மீட்கவில்லை, தம் சாயலில் வேறொரு நாட்டையே படைத்தார் என்ற எண்ணம் வெளிப்படுகிறது. ஜெர்மானிய அரசுகளை ஒரே நாடாக்க பிஸ்மார்க் செய்துகொண்டிருந்ததோடு அது ஒப்பிடப்படுகிறது. பாராட்டா, குற்றச்சாட்டா என்று நாவல் முடிவுசெய்து தருவதில்லை.

அமெரிக்க வரலாற்றைத் தொடராகச் சொல்லும் இந்த நாவல்களைக் கதை நிகழும் கால வரிசையில் படிக்கச் சொல்வோர் உண்டு. எழுதப்பட்ட வரிசையில் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். தொடரின் கடைசி நூலான 'தி கோல்டன் ஏஜ்' 2000-இல் வந்தது, 'வாஷிங்டன், டி.சி.' சொன்ன அதே ஆண்டுகளை, அதே பாத்திரங்களோடு, மறுபடியும் சொல்கிறது. அதில் விடால் தம் பெயரிலேயே வந்து போகிறார். 1941-இல் ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதலை ரூஸ்வெல்ட் தூண்டினார், வருவதை அறிந்தும் இருந்தார் என்ற, பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்காத கருத்தைப் பாத்திரங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் விளக்குகிறார்கள். எதிர்த்துப் பேச ஒரு லிபானியஸ் இல்லை. 1967-இல் எழுதிய நூலில், லஞ்சப் பணத்தை வாங்கிய பின் பர்டன் டே தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொள்ள முயலும் பக்கங்களைப் படித்துவிட்டு இதற்கு வருபவர்கள், முப்பத்து மூன்று ஆண்டுகளில் எந்தக் குரல் எதை விழுங்கியது என்பதைத் தாங்களே கண்டுகொள்ளலாம்.